மீட்புப் பட்டியலின் முதல் வரி

மார்ச் 3, 2094. காலை 06:40

கிடங்கு வெப்பநிலை: மைனஸ் 18. ஈரப்பதம்: 31 சதவீதம். சூரியத் தகடுகள்: நான்கும் வேலை செய்கின்றன. காற்று இயந்திரம்: சரி. ஆட்கள்: ஒன்று.

இதை யார் எடுத்துப் படிக்கிறீர்களோ தெரியாது. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அமலோற்பவம், வயது நாற்பத்து நான்கு, ஊர் தூத்துக்குடி. பத்தொன்பது வருஷம் மீன் குளிர்கிடங்கில் டெக்னீஷியன். இப்போது நிலாவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பள்ளத்தில், கடல் ஏறிய கரையோர ஊர்களிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த காகிதங்களுக்கும் படச்சுருள்களுக்கும் காவல். தூத்துக்குடியில் குளிரவைக்கச் சம்பளம் வாங்கினேன். இங்கே குளிர் ஓசி, கொஞ்சம் சூடாக்கத்தான் சம்பளம்.

போன கப்பலில் காப்பாளர் கிருபாகரன் சிறுநீரகக் கல்லோடு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஆள் வரவில்லை, பயிற்சி வந்திருக்கிறது. நூலக, ஆவணச் சேகரிப்புகளைப் பாதுகாத்தல்: இணையவழி, பன்னிரண்டு பாடம், நேரலை வகுப்பு, முடிவில் சான்றிதழ். கம்பவுண்டரைக் கூப்பிட்டு ஆபரேஷன் செய்யச் சொல்கிற கதை. ஆனால் என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது, ஜூன் கப்பலில் வீட்டுக்குப் போகிறேன். அதுவரை படித்தால் என்ன குறைந்துவிடும்?

காகிதத்தில் பென்சிலால் எழுதுகிறேன். சேகரிப்பு இருக்கும் இடத்தில் பேனா கொண்டுவரக் கூடாதாம். முதல் பாடமே அதுதான்.

மார்ச் 21. 11:15

வெப்பநிலை, ஈரப்பதம்: மாற்றமில்லை.

மூன்றாம் பாடம் முடிந்தது. பயிற்சியாளர் பெயர் உமையாள். காரைக்குடிக்காரர், இருப்பது சென்னையில், இந்தக் காப்பகத்தை நடத்துகிற வாரியத்தின் தலைமை அலுவலகத்தில். என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான், ஆனாலும் மேடம் என்றே கூப்பிடுகிறேன். வகுப்பில் இன்னும் பத்துப் பேர், எல்லாரும் பூமியில் ஏதேதோ நூலகங்களில் இருப்பவர்கள். அவர்கள் கேள்வி கேட்டால் உடனே பதில். நான் கேட்டால் என் குரல் போய், பதில் வந்து சேர இரண்டரை நொடி.

குளிரிலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்கக் கூடாது, உள்ளே வியர்த்துவிடும், ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்றார். இதை நான் மீனிலேயே படித்தவள். பழைய படச்சுருள் கெட ஆரம்பித்தால் வினிகர் மாதிரி காடி வாசம் அடிக்குமாம், மூக்கை வைத்துப் பாருங்கள் என்றார். அங்கேதான் நம் கொடி பறந்தது. இருநூறு டப்பாவில் பதினொன்றை மூக்காலேயே பிரித்து வைத்தேன். சோதனைத் தாள் வைத்துப் பார்த்தால் பதினொன்றும் கெட்டவை. மேடம் சிரித்துவிட்டார். மற்ற பத்துப் பேரும் கை தட்டினார்கள், அது இரண்டரை நொடி கழித்து எனக்குக் கேட்டது.

வகுப்பு தொடங்கும் முன்னால் "சாப்ட்டீங்களா அமலி?" என்று கேட்பார். தினமும் கேட்பார். இந்தப் பள்ளத்தில் அதைக் கேட்க வேறு நாதி இல்லை.

ஏப்ரல் 14. 16:05

மூன்றாம் எண் சூரியத் தகடு செத்துவிட்டது. பள்ளத்தின் விளிம்புக்கு ஏறி ஐந்து மணி நேரம் மல்லுக்கட்டினேன். இணைப்பு கருகிக் கிடக்கிறது, மாற்றுச் சாமான் இல்லை. வாரியத்துக்குத் தெரிவித்தேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில்.

காற்று இயந்திரத்தின் வடிகட்டிகளையும் எண்ணிப் பார்த்தேன். ஆகஸ்ட் முதல் வாரம் வரை ஓடும். ஜூனில் கிளம்புகிறவளுக்கு அது தாராளம்.

வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. சூசை, படகு இன்ஜின் மெக்கானிக். அதிகம் பேசாத மனுஷன் ஒரு நிமிஷம் பேசியிருக்கிறார்: "ஏ அமலி, ஜூன்ல வந்துருவல்லா? கூரைக்குப் புதுத் தகடு போட்டாச்சி. நீ வந்து நாலு கொற சொல்லு. அப்பந்தான் வீடு வீடா இருக்கும்."

நாலு முறை போட்டுக் கேட்டேன். குறை சொல்ல இப்போதே இரண்டு தயார்.

ஏப்ரல் 28. 12:30

ஒன்பதாம் பாடம்: பேரிடர்.

தீயோ வெள்ளமோ வந்தால் எதை முதலில் வெளியே எடுப்பது என்று ஒவ்வொரு நூலகமும் முன்கூட்டியே பட்டியல் எழுதி வைத்திருக்க வேண்டுமாம். அதற்கு மீட்புப் பட்டியல் என்று பெயர். எல்லாம் முக்கியம் என்று எழுதினால் ஒன்றும் மிஞ்சாது. எதை விடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுத வேண்டும்.

அந்தப் பட்டியலின் முதல் வரி மட்டும் உலகம் முழுக்க ஒன்றுதான் என்றார் மேடம். "முதல்ல ஆட்கள். எரியிற கட்டடத்துல சுவடியத் தேடிட்டு யாரும் நிக்கக் கூடாது. இத எழுதாம பட்டியல் ஆரம்பிச்சா நான் படிக்கவே மாட்டேன்." மூன்று தடவை சொன்னார். குரல் ஏதோ மாதிரி இருந்தது, ஜலதோஷம் என்றார்.

மே 9. 10:20

இறுதிப் பயிற்சி: அவரவர் சேகரிப்புக்கு மீட்புப் பட்டியல். எனக்குக் கொடுத்த கணக்கு: ஒரே வண்டி, 240 கிலோ, அதற்குமேல் ஒரு கிராம் கூடாது.

ஆறு நாள் தூங்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி எடை போட்டேன். முதல் வரி: ஆட்கள், அமலோற்பவம், 61 கிலோ. இரண்டாவது, மூழ்கிய ஊர்களின் மனை வரைபடங்கள். அது இருந்தால்தான் அந்தச் சனங்கள் மாற்று மனை கேட்டு வழக்கு நடத்த முடியும். படம் போனால் அழுவார்கள், மனைப் பத்திரம் போனால் தெருவில் நிற்பார்கள். அப்புறம் பிறப்பு இறப்புப் பதிவேடுகள், அப்புறம் சுருள்கள். அனுப்பிவிட்டு மூச்சு விட்டேன்.

இன்று திரும்பி வந்தது. முதல் வரியின்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் குறிப்பு: "பொருட்களை மட்டும் எழுதவும். ஆட்கள் வேறு திட்டத்தில் வருவார்கள். திருத்திக் கையொப்பமிட்டு அனுப்பவும்."

ஒன்பதாம் பாடத்தில் அப்படிச் சொன்னீர்களே என்று கேட்டேன். இந்தத் தேர்வுக்குப் படிவம் வேறு, அமலி, என்றார். சரி, வாத்தியார் சொன்னால் சரி. என்னை எடுத்துவிட்டு அந்த 61 கிலோ இடத்தில் இருபது சுருள் டப்பாவும் ஒரு பதிவேடும் வைத்தேன். எடை கச்சிதமாக இருந்ததில் ஒரு பெருமைகூட. கையெழுத்துப் போட்டேன்: சேகரிப்புப் பொறுப்பாளர்.

நூற்றுக்குத் தொண்ணூற்று ஆறு. பள்ளிக்கூடத்தில் நான் எழுபதைத் தாண்டியதில்லை.

மே 24. 08:10

ஒன்றாம் எண் தகடும் போய்விட்டது. நான்கில் இரண்டு மிச்சம். கிடங்கை மைனஸ் 18-இல் வைத்துக்கொண்டு என் அறையையும் ஓட்ட முடியவில்லை. இரண்டு போர்வை.

வாரியத்தின் அறிவிப்பு: "நிலாக் காப்பகம் மூடப்படுகிறது. ஜூன் 6 அன்று மீட்பு வண்டி இறங்கும். சேகரிப்புப் பொறுப்பாளர் தயாரித்து ஒப்பமிட்ட மீட்புப் பட்டியலின்படி பொருட்களை ஏற்றவும்."

என் பட்டியல்! பரீட்சைக்கு எழுதியது, நிஜத்துக்கே வைத்துக்கொண்டார்கள். மிச்சப் பெட்டிகளை நினைத்து வயிறு எரிந்தது. ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், ஊருக்குப் போகிறோம் என்கிற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மே 26. 13:45

வண்டியின் விவரம் வந்தது. ஆளில்லா வண்டி. சரக்கு அறை ஒன்று. கொள்ளளவு 240 கிலோ. இருக்கை: இல்லை.

இது எந்த வண்டி, நான் வருகிற வண்டி எது என்று கேட்டேன். பதில் இரண்டரை நொடியில் வர வேண்டும். ஒன்பது மணி நேரம் ஆகிறது.

மே 27. 07:00

வாரியம்: "பணியாளர் திரும்புவதற்கான திட்டம் பரிசீலனையில் உள்ளது. இருக்கையுள்ள அடுத்த கப்பல் ஜனவரியில். அதுவரை மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுத் தனிப்பட்ட செய்திகள் அனுப்பும் வசதி நிறுத்தப்படுகிறது."

வடிகட்டி ஆகஸ்ட் வரை. கப்பல் ஜனவரியில். இதற்கு என்ன பரிசீலனை? விரல் விட்டே எண்ணலாம்.

மே 30. 15:20

செய்தி அனுப்பத்தான் வசதி இல்லை, வாங்க இருக்கிறது. சூசை பேசியிருக்கிறார்.

"ஆபீஸ்லருந்து ஆளு வந்தாங்க. நீயாத்தான் இருக்கேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டியாமே. காயிதத்தக் காட்டுனாங்க. ஒன் கையெழுத்துதான், எனக்குத் தெரியாதா? ஒங் காயிதமெல்லாம் பத்திரமா வந்தா போதும்னு சொன்னியாம்." அப்புறம், "ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கணும்னு தோணலயா அமலி?"

சூசை, நான் சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வழி இல்லை.

மே 31

அளவு எடுக்கவில்லை.

கோழியைக் கேட்டா மசாலா அரைப்பார்கள் என்பார்கள். என்னைக் கேட்டிருக்கிறார்கள். அம்மியை என் கையில் கொடுத்து, நைசாக அரைத்தாயா என்று பார்த்து, தொண்ணூற்று ஆறு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு எவனாவது கேட்டால் நீட்டுவதற்குக் காகிதம் தயார்: பயிற்சி பெற்ற பொறுப்பாளர், தன் கையாலேயே எழுதினார், தன்னைச் சேர்க்கவில்லை.

இன்று சான்றிதழும் வந்தது. பேரிடர் மீட்பில் முதல் வகுப்பு. சிரிப்பு வந்து, அது அழுகையாக மாறி, அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 1. 11:00

பயிற்சி அலைவரிசையை மட்டும் அவர்கள் வெட்ட மறந்திருக்கிறார்கள். வகுப்பு நேரத்தில் திறந்தேன். உமையாள் உட்கார்ந்திருந்தார், தனியாக. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

ஒரே கேள்வி கேட்டேன்: என் பெயர்மேல் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டபோது உங்களுக்குத் தெரியுமா? இரண்டரை நொடி ஆயிற்று. நான்கு. பத்து.

"தெரியும் அமலி. ஏப்ரல்லயே தெரியும். அந்த ஒம்பதாவது பாடத்த நடத்துறப்பவே தெரியும். இருக்கையோட வண்டி கிடைக்காதுன்னு முடிவாயிருச்சு. பட்டியல்ல ஒங்க பேரு இருந்தா வாரியம் பதில் சொல்லணும். அத எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன்."

நான் கத்தினேன். எழுத முடியாத வார்த்தைகள், தூத்துக்குடித் துறைமுகத்தில் கற்றவை. மூன்று மாதம் தினமும் சாப்பாட்டை விசாரித்துவிட்டு நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தாயே என்றேன். எதிரி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். உன் வகுப்புக்கு நான் தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அதுதான் இன்னும் எரிச்சல். சூசைக்குச் செய்தி சொல்லக்கூட அந்த வாயை நம்பத் தோன்றவில்லை.

ஜூன் 6. 17:30

வண்டி இறங்கிவிட்டது. காப்பகத்தோடு இணைக்கும் கூடாரக் குழாய் வழியாக நேராகச் சரக்கு அறைக்குள் போக முடிகிறது, விண்ணுடை தேவையில்லை. ஒரு சின்ன வேன் அளவு அறை. உள்ளே காற்றழுத்தம் சரி, ஐந்து டிகிரி. பூமிக்குப் போய்ச் சேர நான்கு நாள்.

நான்கு நாள் ஓர் ஆள் இதில் உட்கார்ந்து போக முடியுமா? இன்று முழுக்க அதைத்தான் யோசித்தேன். நான் 61. ஆக்சிஜன் குப்பி 22. மூச்சுக்காற்றின் கழிவை உறிஞ்சும் டப்பாக்கள் 12. தண்ணீரும் சாப்பாடும் 10. போர்வை 3. மொத்தம் 108 கிலோ. ஒரு சுருள் டப்பா மூன்று கிலோ. முப்பத்தாறு டப்பாவை இறக்கினால் கணக்குச் சரி. வரைபடங்களையும் பதிவேடுகளையும் தொட வேண்டியதில்லை.

இரண்டு இடைஞ்சல். ஒன்று, வண்டி ஒவ்வொரு பொருளையும் எண் பார்த்து, எடை பார்த்துத்தான் ஏற்கும். பட்டியலில் இல்லாதது உள்ளே இருந்தால் கிளம்பாது. இரண்டு, கதவு பூட்டியதும் அறையில் உள்ள காற்றைத் தள்ளிவிட்டு நைட்ரஜனை நிரப்பும். ஆக்சிஜன் இருந்தால் காகிதத்துக்கு வயசாகும், அதனால். அதை நிறுத்துவது பூமியிலிருந்து மட்டும்தான் முடியும். நைட்ரஜனுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. எங்கள் குளிர்கிடங்கில் இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

குப்பியை அறைக்குள் மெல்லக் கசியவிட்டால் நான்கு நாள் வரும். முகமூடி மாட்டி நேராக இழுத்தால் ஆறு மணி நேரம்தான்.

ஜூன் 7. 11:00

மறுபடியும் உமையாளிடம்தான் போக வேண்டியிருந்தது. குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் இருக்க முடியாது.

சொன்னேன். கேட்டுக்கொண்டார். பட்டியலும் வால்வும் தன் மேசையிலிருந்தே திருத்தக்கூடியவைதான் என்றார். பிறகு, "கோவிச்சுக்காதீங்க. அந்த வண்டிக்கு ஆளுன்னா என்னன்னு தெரியாது. ஒங்களையும் ஒரு பொருளாத்தான் பதியணும்" என்றார்.

பதிந்தோம். இரண்டு பேருமாக, படிவத்தை வரி வரியாக நிரப்பினோம். குப்பி முதல் போர்வைவரை எல்லாவற்றையும் பதிந்துவிட்டு, கடைசியில் என்னை: பொருள் எண் 71. எடை 61 கிலோ. மூலம்: தூத்துக்குடி. காலம்: 2050. நிலை: நன்று. பழுது: இல்லை. இடது முழங்கால் வலியை நான் சொல்லவில்லை. சேமிப்புச் சூழல் என்று ஒரு கட்டம் இருந்தது, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மாலை 18:00. முப்பத்தாறு டப்பாவையும் கிடங்குக்குத் திருப்பி எடுத்துப் போனேன். அடுக்கில், அதனதன் இடத்தில் வைத்தேன். சூடாக்கி நின்றதும் அந்தக் கொடும் குளிரில் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஒவ்வொன்றையும் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8. 08:00

சரக்கு அறைக்குள் இருக்கிறேன். ஆக்சிஜன் மீட்டர் கையில்: 20.8.

உமையாளின் செய்தி: "நைட்ரஜன் வால்வ இங்கேருந்து மூடிட்டேன். என் கண்ணால பாத்துட்டேன். இந்த ஒரு தடவ நம்புங்க அமலி. நீங்க எறங்குற எடத்துல நான் நிப்பேன்."

நம்பவில்லை. ஆனால் கதவை மூடினேன். ஆகஸ்ட் வரை உட்கார்ந்து மூச்சை எண்ணுவதைவிட இது மேல்.

08:25. எடை 240.0. திரையில்: பட்டியலுடன் ஒத்துப்போகிறது. பூட்டிக்கொண்டது.

08:40. மீட்டர் 20.8. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயும் சீறல் இல்லை. சேசுவே.

09:30. கிளம்பிவிட்டோம். நெஞ்சின்மேல் யாரோ ஏறி நின்ற மாதிரி இருந்தது, இப்போது லேசாகிவிட்டது. மீட்டர் 20.8. கூரைத் தகட்டைப் பார்த்ததும் சொல்ல மூன்றாவது குறையும் கிடைத்துவிட்டது.

10:10. மீட்டர் 20.1.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.

10:18. 18.9. பெட்டிகளுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு சீறல். கிளம்பிய பிறகுதான் திறக்கும்போல. குப்பியை முழுக்கத் திறந்தேன்.

10:31. 16.4. முகமூடி மாட்டிக்கொண்டேன். அலைவரிசையில் கூப்பிடுகிறேன். இரண்டரை நொடி. இரண்டரை நொடி. இரண்டரை நொடி.

திரையில்: "பொருட்கள் 71. சேமிப்புச் சூழல்: அனைத்துப் பொருட்களுக்கும் உகந்தது."

12:00. பெட்டிகளை நகர்த்திச் சீறும் இடத்தைக் கண்டுபிடித்தேன். போர்வையை அடைத்தேன். நிற்கவில்லை. அது இரும்புத் தட்டுக்குப் பின்னால். நகமெல்லாம் போச்சு. மீட்டர் 4.

13:40. உமையாள், நீங்கள் மூடியது எந்த வால்வை? தெரியாமல் செய்தீர்களா? வேறு யாராவது மறுபடி திறந்தார்களா? சேமிப்புச் சூழல் என்ற அந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? எனக்குப் பதில் வேண்டும். இறங்குகிற இடத்தில் நிற்பேன் என்றீர்களே, எதை வாங்கிக்கொள்ள நிற்கிறீர்கள்?

15:50. குப்பி முள் சிவப்பில்.

இதைக் கண்டெடுப்பவரே. வரைபடப் பெட்டிகள் இடது பக்கம். ஒரு நாள் பொறுத்துத் திறவுங்கள். அந்தச் சனங்களிடம் கொடுங்கள், வாரியத்திடம் கொடுக்காதீர்கள்.

16:20. தூத்துக்குடியில் படகு இன்ஜின் சூசை என்றால் யாரும் காட்டுவார்கள். இந்தக் குறிப்பேட்டை அவர் கையில். வேறு யார் கேட்டாலும்

அவரிடம் சொல்லுங்கள் நான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. அந்தக் காகிதம் பரீட்சைக் காகிதம். நான் கிளம்பிவிட்டேன். வீட்டுக்குத்தான் வந்து